ஐந்து கட்டைச் சுருதியும் கொங்கு நாட்டுப் பட்டறைகளும்: ஐந்து நாள் பயணக் குறிப்புகள்

முதல் நாள், வியாழன்: கோவை

பாடுகிறவருக்கு ஆதார சுரத்தை விடாமல் ஒலிக்கும் அம்மாவின் மின்னணுச் சுருதிப் பெட்டியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு இன்று காலை திருப்பூரிலிருந்து கோவைப் பேருந்தில் ஏறினேன். 1994-ஆம் ஆண்டு வாங்கிய இந்தப் பெட்டியின் துணையோடுதான் அம்மா கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் வெள்ளிதோறும் திருப்புகழ் பாடி வருகிறார். ஐந்து கட்டை என்ற சுருதி அளவில் வைத்த குமிழை அவர் வேறு யாரையும் தொடவிட்டதில்லை. தை மாதத்திலிருந்து, போட்ட பத்தாவது நிமிடத்தில் சுருதி மெல்ல இறங்கத் தொடங்கி, பாடுகிறவர்களையும் தன்னோடு இறக்கிக்கொண்டு போகிறது. செல்பேசியில் தம்புராச் செயலியைப் போட்டுத் தந்தேன். பாட்டின் நடுவே அழைப்பு வந்து சுருதி நின்றுபோன அன்றோடு அம்மா அதை ஒதுக்கிவிட்டார்.

பழுது பார்ப்பது மட்டும் இந்தப் பயணத்தின் நோக்கமன்று. நான் 18 ஆண்டுகளாகத் திருப்பூரில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு கற்றுத்தருகிறேன். அவர்கள் கொண்டுவரும் கருவியைத் திருப்பினால் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் சீனா என்றோ இந்தோனேசியா என்றோ இருக்கும். மோட்டார், பம்பு, கிரைண்டர், நூற்பாலை இயந்திரம், பனியன் என்று எதை எடுத்தாலும் செய்துவிடுகிற கொங்கு நாட்டில் மின்னணு இசைக்கருவி மட்டும் ஏன் உருவாகவில்லை, அல்லது உருவாகி நின்றுபோனதா என்ற கேள்வி நெடுநாளாக என்னை விடவில்லை. முழு ஆண்டுத் தேர்வினால் வகுப்பு இல்லாத இந்த ஐந்து நாட்களை அதற்கென ஒதுக்கியிருக்கிறேன்.

அவிநாசி சாலையில் இறங்கி, ஜி.டி. நாயுடுவின் பெயர் தாங்கிய தொழிற்கண்காட்சிக்கு முதலில் சென்றேன். கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்து, பேருந்துத் தொழிலில் தொடங்கி, உலர்மின்கலத்தில் ஓடும் சவரக் கருவி வரை செய்து காட்டியவர் அவர். ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்துதர முடியும் என்று 1941-இல் அறிவித்தார். யு.எம்.எஸ். என்ற பெயரில் கோவையில் வானொலிப் பெட்டிகள் செய்யப்பட்ட காலத்தை என் அப்புச்சி பெருமையோடு சொல்லிக் கேட்டிருக்கிறேன். பைக்காரா நீர்மின்சாரம் 1930-களின் தொடக்கத்தில் மலையிறங்கி வந்த பிறகு இந்த ஊரில் ஆலைகள் பெருகின, 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டாரை உள்நாட்டிலேயே உருவாக்கினார்கள்.

இந்த ஆண்டுக்கணக்கை நான் வேறொன்றோடு சேர்த்துப் பார்க்கிறேன். அமெரிக்காவில் ஹேமண்ட் என்ற மின்சார ஆர்கன் விற்பனைக்கு வந்த ஆண்டு 1935. அந்தக் கருவிக்குள் சுரங்களைப் பிறப்பித்தவை, ஒரு மின்மோட்டாரால் சுழற்றப்பட்டு, காந்தச் சுருள்களின் முன்னே ஓடும் சிறு பல்சக்கரங்கள்; அந்த மின்னலையைப் பெருக்கி ஒலியாக்கியவை வால்வுகள். மோட்டார், பல்சக்கரம், சுருள், வால்வு ஆகிய நான்கையும் அறிந்த கைகள் அன்றைய கோவையில் இருந்தன. அந்தத் திறமை கிணற்றுத் தண்ணீரை மேலேற்றுவதற்கும் பஞ்சை நூலாக்குவதற்கும் போனதை நான் குறையாகச் சொல்லவில்லை. வானம் பார்த்த இந்த மண்ணுக்கு அன்று வேண்டியது பம்புதான். ஆனால் வழி இருந்தது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

மாலையில் காந்திபுரத்தில் ஓர் இசைக்கருவிக் கடையில் உரிமையாளரின் அனுமதியோடு ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பிப் பார்த்தேன். யமஹா கீபோர்டுகளில் சீனாவும் இந்தோனேசியாவும், காசியோவில் சீனா, ரோலண்டில் மலேசியா. சென்னைக்கு அருகே யமஹா அமைத்த ஆலையில் 2019 முதல் கீபோர்டும் கிதாரும் செய்யப்படுவதால், சிலவற்றில் இந்தியா என்ற சொல்லும் இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. நிறுவனம் அந்நியருடையதாக இருந்தாலும், கட்டை பொருத்திச் சரிபார்க்கிற வேலையை நம் பிள்ளைகள் கற்கிறார்களே.

உள்நாட்டு உற்பத்தி கைவிட்டுப் போவது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஜப்பானின் ஹமாமட்சுவில், 1887-இல் பழுதான ஓர் ஆர்கனைச் சீர்செய்த டொரகுசு யமஹாவிடமிருந்து தொடங்கிய தொழில், இன்று தன் கீபோர்டுகளில் பெரும்பகுதியைக் கடல் கடந்து செய்துகொள்கிறது. இத்தாலியில் அக்கார்டியன் ஊர்களைச் சுற்றி வளர்ந்த மின்னணு ஆர்கன் தொழில் ஒடுங்கியது. அங்கே ரோலண்ட் நடத்திவந்த ஆலையும் 2013-இல் மூடப்பட்டது. மின்னணுவால் ஒலியை உருவாக்கும் சின்தசைசருக்கே மறுபெயராகிவிட்ட மூக் நிறுவனம் 2023-இல் கைமாறியது. வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் அதற்காக உழைத்தவர்களில் பலர் அந்த ஆண்டே வேலையிழந்தார்கள். உற்பத்தி தைவானுக்குப் போனது. அவர்கள் பல தலைமுறை செய்து பார்த்துவிட்டு இழந்தார்கள். நாம் எந்த இடத்தில் இழந்தோம் என்பதைத்தான் நான் தேடுகிறேன்.

இரண்டாம் நாள், வெள்ளி: கோவை, ஒரு பழுதுபார்க்கும் கடை

டவுன்ஹாலுக்கு அருகே ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற கடை. உரிமையாளருக்கு வயது 67, ஐ.டி.ஐ.யில் வானொலி மெக்கானிக் படித்தவர். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் பையிலிருந்து பெட்டியை எடுத்ததும், அதைத் திறப்பதற்கு முன்பே காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்து, "உள்ள ஏதும் கழண்டு கிடக்கலீங்க, நல்லது" என்றார்.

நான்கு திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கியபோது, 30 ஆண்டுகளின் ஊதுபத்திப் புகையும் தூசியும் ஒரு படலமாகப் பலகையின் மீது படிந்திருந்தன. தூரிகையால் அதைத் தட்டிவிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியை என்னிடம் கொடுத்துச் சில்லுகளின் முதுகைப் படிக்கச் சொன்னார். ஒன்றில் மலேசியா, இன்னொன்றில் பிலிப்பைன்ஸ், மூன்றாவதில் எழுத்து அழிந்திருந்தது. மின்மாற்றியில் மட்டும் யாரோ கையால் சுற்றி, மஞ்சள் காகிதம் ஒட்டி, பேனாவால் வோல்ட் கணக்கை எழுதியிருந்தார்கள். பலகையும் பெட்டியும் குமிழும் மின்மாற்றியும் நம் நாட்டவை. ஒலி பிறக்கிற இடம் மட்டும் வெளியிலிருந்து வந்தது. நேற்றிலிருந்து தேடிய விடையில் பாதி அந்தக் கண்ணாடிக்குக் கீழே கிடந்தது.

நோயை அவர் கால்மணி நேரத்தில் கண்டுபிடித்தார். மின்சாரத்தைச் சீராக்கும் 1,000 மைக்ரோஃபாராடு மின்தேக்கியின் தலை உப்பியிருந்தது. அதற்கடுத்த சீராக்கி சூடேறச் சூடேற வோல்ட் குறைந்தது. வோல்ட் குறைந்ததும், சுரத்தைப் பிறப்பிக்கும் அலைவியின் வேகம் குறைந்தது. அதுதான் பத்தாவது நிமிடத்தில் அம்மாவின் குரலைக் கீழே இழுத்தது. சுருதிக் குமிழுக்குள் இருக்கும் கரிப்பாதையும், ஐந்து கட்டை என்ற அந்த ஒரே இடத்தில் 30 ஆண்டுகள் நின்றதால் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. "அம்மா ஒரே சுருதிதான் பாடுவாங்களாட்டம்" என்று அவர் அதைப் பார்த்தே சொன்னார்.

கட்டை என்கிற சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணித்தான் நாம் ஒரு கட்டை, ஐந்து கட்டை என்று சுருதியைச் சொல்கிறோம். கறுப்புக் கட்டை அரை. ஐரோப்பாவிலிருந்து வந்த கருவியை வங்கத்தில் துவாரகநாத் கோஷ் தரையில் அமர்ந்து கையால் துருத்தி அசைத்து வாசிக்கும் வடிவத்துக்கு மாற்றினார். நாடக மேடை வழியாக அது தமிழரின் கருவியானது. நாட்டுக்கேற்ப ஒரு கருவியை மாற்றிச் செய்ய நமக்குத் தெரியும் என்பதற்கு அது போதுமான சான்று.

மின்னணுவிலும் அத்தகைய தொடக்கம் இருந்தது. பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979-இல் பெங்களூரில் மின்னணுத் தம்புராவைச் செய்து காட்டினார்; அவருடைய ராடெல் நிறுவனத்தின் தாளமாலா என்ற தாளக் கருவியும் சாரங் என்ற தம்புராவும் கச்சேரி மேடைகளிலும் பயிற்சி அறைகளிலும் இடம்பிடித்தன. ஜப்பானியர் எவரும் நமக்காக அதைச் செய்து தந்திருக்க மாட்டார்கள். பஞ்சமத்திலா மத்தியமத்திலா என்று கேட்டு நரம்பை வைக்கத் தெரிந்தவர்தான் அதைச் செய்ய முடியும். அந்த அலையில்தான் நம் கடைக்காரரும் 1980-களில் நான்கு நண்பர்களோடு சேர்ந்து சுருதிப் பெட்டிகள் கோத்து விற்றிருக்கிறார். அதோடு நிற்காமல், ஒரு தேவாலயத்துக்காக மூன்று ஸ்தாயி மின்னணு ஆர்கன் ஒன்றையும் செய்திருக்கிறார்கள். மேல் ஸ்தாயியின் 12 சுரங்களுக்கு 12 அலைவிகள். ஒவ்வொன்றின் அதிர்வையும் இரண்டால் வகுத்தால் அதற்குக் கீழ் ஸ்தாயி, மறுபடி வகுத்தால் அதற்கும் கீழ். கணக்கு எளியது, சுற்றமைப்பு வேலை இரண்டு மாதத்தில் முடிந்ததாம்.

"சர்க்யூட்டுக்கு நாங்க பயப்படலீங்க. கட்டைக்குத்தான் பயந்தோம்" என்றார். விரல் எடுத்ததும் ஒவ்வொரு கட்டையும் ஒரே வேகத்தில் மேலே வர வேண்டும், ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், பல்லாயிரம் முறை அழுத்தினாலும் தளரக் கூடாது. தேக்கில் அறுத்து, பாஸ்பர் வெண்கலக் கம்பியில் சுருள்வில் வைத்து, 37 கட்டைகளுக்கு ஆறு மாதம் உழைத்தும், மழைக்காலத்தில் மரம் ஊதிக் கட்டைகள் ஒன்றோடொன்று உரசின. பிளாஸ்டிக்கில் வார்க்க அச்சு வேண்டும். அந்த அச்சைச் செய்கிற டூல்ரூம்கள் கணபதியிலும் சிட்கோவிலும் அன்றே இருந்தன. ஆனால் ஓர் அச்சின் செலவை எடுக்க ஆயிரக்கணக்கில் கீபோர்டு விற்க வேண்டும், அவர்களுக்கு வந்ததோ ஆண்டுக்கு ஓர் ஆர்டர். ஆர்கன் அந்த ஒன்றோடு நின்றது.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் நடந்ததையும் பார்க்க வேண்டும். காசியோ 1980-இல் வீட்டுக் கீபோர்டைக் கொண்டுவந்தது. 1983-இல் யமஹாவின் டி.எக்ஸ்.7 கீபோர்டு வந்தது, அதன் ஒலியை அந்த நிறுவனம் தானே செய்த சில்லுகள் பிறப்பித்தன. அதே ஆண்டில் ரோலண்டின் இக்குதாரோ ககெஹாஷியும் அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் முன்னின்று உருவாக்கிய மிடி முறை எல்லாக் கருவிகளையும் ஒரே மொழியில் பேச வைத்தது. தனக்கென்று சில்லு செய்கிறவனோடு, கடையில் கிடைக்கிற சில்லை வாங்கிக் கோக்கிறவன் போட்டியிட முடியாது. நம் நாட்டில் மொஹாலியில் சில்லு செய்ய அரசு தொடங்கிய குறைகடத்திக் கூடம் 1984-இல் உற்பத்திக்கு வந்து, 1989-இல் தீயில் எரிந்தது. அந்தத் தீயைப் பற்றிப் பேசுகிறவர்கள் கணினியைத்தான் பேசுகிறார்கள். சுருதிப் பெட்டிக்கும் அதில் இழப்பு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

உறுப்பு கிடைக்காவிட்டால் கருவியே நிற்கும் என்பது பெரிய நிறுவனங்களுக்கும் பொருந்தும். உலகப் புகழ்பெற்ற டி.ஆர்.808 தாளக் கருவியை ரோலண்ட் 1983-இல் நிறுத்தியதற்கு, அதன் இரைச்சல் ஒலிக்குத் தேவைப்பட்ட குறையுள்ள டிரான்சிஸ்டர்கள் கிடைக்காமல் போனதே காரணம். இதைச் சொன்னதும் நம் கடைக்காரர் எழுந்து, மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கி, இப்போது எங்கும் கிடைக்காத பழைய சில்லுகளைக் கறுப்புப் பஞ்சில் குத்தி வரிசையாக வைத்திருப்பதைக் காட்டினார். யாராவது பழைய பெட்டியோடு வந்தால் வேண்டுமே என்று வைத்திருக்கிறாராம்.

அவருடைய நண்பர்கள் குழு 2001-க்குப் பிறகு கலைந்திருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று இந்தியா இறக்குமதியின் மீதிருந்த அளவுக் கட்டுப்பாடுகளில் எஞ்சியவற்றையும் நீக்கியது. செய்து முடித்த கருவிகள் தடையின்றி வந்தன. பிறகு செல்பேசிச் செயலிகள் சுருதிப் பெட்டியின் இடத்தையே எடுத்துக்கொண்டன. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கையால் செய்யும் நாட்டுக் கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. மின்னணுக் கருவிக்கு முதலில் 28 விழுக்காடு, அந்த ஆண்டு நவம்பரில் 18 ஆகக் குறைந்தது. மாடிப்படிக்குக் கீழே கையால் பற்றுவைத்து ஒருவர் செய்கிற சுருதிப் பெட்டி ஏன் கைவினை ஆகாது என்று அவர் என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டது நியாயம் என்பதில் எனக்கு ஐயமும் இல்லை.

பெட்டியை நாளை மாலை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மூன்றாம் நாள், சனி: ஆவாரம்பாளையம்

இன்றைய நாள் நான் எதிர்பார்த்ததற்கு மாறாகப் போனது. மின்னணுக் கருவி செய்கிறவர் எவரேனும் உண்டா என்று விசாரித்தபோது, எல்லோரும் ஒரே பட்டறையைக் காட்டினார்கள்: கோயில்களில் தீபாராதனையின்போது பொத்தானை அழுத்தினால் முரசும் மணியும் சேகண்டியும் தாமாக முழங்குமே, அந்த இயந்திரத்தைச் செய்கிற இடம். இது மின்னணு அன்று, மின்சாரக் கருவிதான் என்று முதலில் தயங்கினேன். ஹேமண்ட் ஆர்கனுக்குள்ளும் மோட்டார்தானே ஓடியது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பட்டறைக்காரர் பதினைந்து ஆண்டுகள் கிரைண்டர் உதிரிகள் செய்தவர். புவிசார் குறியீடு பெற்ற கோவை கிரைண்டரின் வேலைப்பாடு அப்படியே மேளத்துக்கு இடம் மாறியிருப்பதை அங்கே கண்டேன். சதுரக் குழாயில் பற்றவைத்த சட்டம்; கீழே கால் குதிரைத்திறன் மோட்டார்; பெல்ட் வழியாக வேகம் குறைந்து சுழலும் ஒரு தண்டு; அந்தத் தண்டில் முட்டை வடிவக் கேம்கள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கேமும் சுழலும்போது ஒரு கோலை மெல்லத் தூக்குகிறது. மேடு முடிந்த கணத்தில் விட்டுவிடுகிறது. சுருள்வில் இழுக்க, ரப்பர் முனை வைத்த கோல் முரசின் முகத்தில் விழுகிறது. கேம்கள் தண்டில் எந்தக் கோணத்தில் நிற்கின்றனவோ அதுவே தாளம். அதாவது, இந்தக் கருவியில் இசைக்குறிப்பு என்பது ஓர் உருக்குத் தண்டின் மீது ஆலன் திருகால் இறுக்கப்பட்ட கோணங்கள்தான்.

"இந்த நடையை எங்க ஊர் மாரியம்மன் கோயில்ல பம்பை அடிக்கிற பெரியவரைக் கூட்டியாந்து, பக்கத்துல உக்கார வெச்சு, அவரு சரீங்கற வரைக்கும் திருப்பித் திருப்பி வெச்சது" என்றார். ஒரு கேமை அரை விரற்கடை திருப்பி இறுக்கி எனக்கு ஓட்டிக் காட்டினார். முன்பு நடந்துபோன அடி இப்போது நொண்டியது. மறுபடி பழைய இடத்தில் வைத்ததும் நேரானது. முரசுக்குத் தோல் கேட்கிறவர்களுக்குத் தோல், மழைச் சாரல் படும் கோயில்களுக்குப் பிளாஸ்டிக் முகம்.

ஆர்டர் எடுக்கும்போது அவர் முதலில் கேட்பது விலையை அன்று. "அர்த்த மண்டபம் எத்தனை அடிங்க? மேல ஓடா, தார்சா?" என்று கேட்கிறார். மண்டபத்துக்குத் தக்கபடி முரசின் விட்டத்தையும் மணியின் எடையையும் முடிவு செய்கிறார். கெட்டுப்போனால் திருவிழாவுக்கு முந்தைய இரவுகூட ஆள் அனுப்புகிறார். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் எந்தக் கருவியும் இந்த இரண்டையும் செய்யாது. அதனால்தான் இந்தத் தொழில் இங்கே நிற்கிறது. கட்டைக்குப் பயந்து நின்றுபோன ஆர்கனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் எடைபோட்டேன். இங்கே அச்சு வேண்டாம், சில்லு வேண்டாம். லேத்தும் மோட்டாரும் காதும் போதும். மூன்றும் ஆவாரம்பாளையத்தில் இருக்கின்றன.

வாகன ஹாரனும் டாஷ்போர்டு மீட்டரும் நாடு முழுவதற்கும் செய்து அனுப்பும் நகரம் இது. ரூட்ஸ் ஹாரனின் ஓசை கேட்காத நெடுஞ்சாலை இல்லை. காந்தச் சுருளையும் அதிர்தகட்டையும் வைத்துக் குறித்த சுருதியில் ஓசை எழுப்பும் வேலைதான் ஹாரனும். ஒலி செய்வது கோவைக்குத் தெரியாத கலை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

மாலையில் அம்மாவின் பெட்டியைப் பெற்றுக்கொண்டேன். மாற்றிய உறுப்புகளின் மதிப்பை மூடியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதி, தேதியும் போட்டிருக்கிறார். அடுத்துத் திறக்கிறவருக்கு உதவும் என்றார்.

நான்காம் நாள், ஞாயிறு: காங்கேயம், ஈரோடு

நேற்றைய பட்டறையில் எனக்கிருந்த மகிழ்ச்சியோடு ஓர் உறுத்தலும் இருந்தது. அதனால் காங்கேயத்தில் இறங்கி, எனக்குப் பழக்கமான தவில் கலைஞர் ஒருவரைப் பார்த்தேன். அவர் வாசித்துவந்த மூன்று கோயில்களில் இரண்டில் இப்போது இயந்திரம் முழங்குகிறது. அவர் கோபமாகப் பேசவில்லை. "நாங்க பூசாரி கையப் பாத்து அடிப்போங்க. தட்டு மேல போனா வேகம் ஏறும், சாமி பாதத்துல நின்னா நாங்களும் நிப்போம். அது பாக்காதுங்களே" என்று மட்டும் சொன்னார். இந்தப் பயணத்தில் உள்நாட்டுத் தொழிலைத் தேடி வந்த நான், அப்படிக் கண்ட ஒரே தொழில் இவருடைய பிழைப்பைக் குறைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஊர்ப் பொதுப்பணத்தில் இயந்திரம் வாங்குகிறவர்கள், திருவிழா நாட்களிலாவது கலைஞரை அழைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வெயில் சாய்ந்ததும் ஈரோடு. பெரிய மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டிருக்கும் நாட்கள். மஞ்சள் நீரும் வேப்பிலையுமாக ஊர் நனைந்திருந்தது. நகரை ஒட்டிய ஓர் ஊரின் பூச்சாட்டுத் திருவிழாவில் மெல்லிசைக் குழு மேடை ஏறுவதற்கு முன், கோலால் தட்டினால் தாள ஒலி தரும் ரிதம் பேட் வாசிக்கும் தம்பியோடு பேசினேன். அவர் வைத்திருந்தது ரோலண்டின் எஸ்.பி.டி.20, 1998-இல் வந்த அந்த வடிவம் இன்றும் நம் மேடைகளில் ஓய்வு பெறவில்லை. எட்டு ரப்பர் பட்டைகளில் இரண்டுக்கு அடியில் இருக்கும் உணரி போய்விட்டதாம். புதிது வரவழைக்கக் காத்திராமல், அழைப்பு மணிக்குப் பயன்படும் பீசோ வில்லையை வாங்கி, ஒயர் பற்றவைத்து, இரட்டைப் பக்க ஒட்டுத்தாளில் ஒட்டியிருக்கிறார். தட்டிப் பார்க்கச் சொன்னார். எது பழையது, எது புதியது என்று என் விரலுக்குத் தெரியவில்லை.

அவரிடமிருந்து நான் கற்றது வேறொன்று. அந்தக் கருவியில் தபலா இருக்கிறது, தோலக் இருக்கிறது, உலகத்து முரசுகள் பல இருக்கின்றன. கொங்கு நாட்டுப் பம்பையும் உருமியும் ஜமாப்பும் இல்லை. ஜமாப் இல்லாமல் இங்கே கூட்டம் எழுந்து ஆடாது. ஆகவே, ஒலியை ஏற்றிக்கொள்ளக்கூடிய இன்னொரு கருவியைப் பக்கத்தில் வைத்து, அதில் பம்பை அடியை ஏற்றி வாசிக்கிறார். அந்த 'டோனை' எங்கே வாங்கினார் என்று கேட்டேன். பவானியில் ஒரு பையன், பம்பைக் கலைஞர்களை வரவழைத்து, ஒவ்வோர் அடியையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று தனித்தனியே பதிவு செய்து, பென் டிரைவில் விற்கிறானாம். விற்ற காசில் கலைஞர்களுக்கும் பங்கு கொடுக்கிறான் என்றார்.

என்னைப் பொறுத்தவரை அதுவும் இசைக்கருவி உற்பத்திதான். இன்றைய கீபோர்டின் மதிப்பில் பெரும்பங்கு அதன் பெட்டியில் இல்லை. உள்ளே பதிந்திருக்கும் ஒலிகளில் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் இந்தியாவுக்கென்று தனி வடிவங்களை விற்கும்போது சேர்ப்பதும் தபலா, தம்புரா ஒலிகளையும் தாளங்களையும்தான். மலேசியாவில் செய்த கருவிக்குள் கொங்குப் பம்பையை வைக்கிற வேலையைப் பவானிக்காரன் ஒருவன்தான் சரியாகச் செய்ய முடியும். சில்லும் அச்சும் இல்லாமல் நாம் நுழையக்கூடிய கதவு இது என்று எனக்குப் படுகிறது.

மேடையில் விளக்குப் போட்டதும் பேச்சு நின்றது. முதல் பாட்டுக்கே ஜமாப் அடி விழுந்தது.

ஐந்தாம் நாள், திங்கள்: கோபி

காலைப் பேருந்தில் கவுந்தப்பாடி வழியாக வீடு. வாய்க்கால் ஓரத்து வயல்களில் நாற்றுப் பச்சை. அம்மா பெட்டியை வாங்கியதும் திறந்து பார்க்கவில்லை. பூசை அறையில் வைத்து, திருநீறு இட்டு, மின்செருகியைப் போட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் கடந்தது, இருபது கடந்தது, சுருதி அசையவில்லை.

"ஏங்கண்ணு, இது முன்னைக்கு ஒசந்து கேக்குதே" என்றார். செல்பேசியில் அளந்து பார்த்தேன். மிகச் சரியான ஐந்து கட்டை. மூன்று மாதமாக இறங்கிய சுருதியோடு பாடிப் பழகியிருந்த குரலுக்கு, 74 வயதில் அந்தப் பழைய இடம் எட்டவில்லை. 30 ஆண்டுகளாக யாரையும் தொடவிடாத குமிழைத் தாமே பிடித்து, நாலரைக்குக் கொஞ்சமாக இறக்கிவைத்துக்கொண்டார். கரிப்பாதையில் தேயாத புது இடம் என்பதால் ஒரு கரகரப்பும் இல்லை.

மாலையில் பிள்ளையார் கோயிலில் திருப்புகழ் கூட்டத்துப் பெண்கள் பெட்டியைச் சுற்றி நின்று கேட்டார்கள். அவர்களில் இருவர் தங்களுக்கும் ஒன்று வேண்டும், செல்பேசி வேண்டாம் என்றார்கள். டவுன்ஹால் கடைக்காரரை அழைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, செய்து பல வருடம் ஆயிற்று என்றார். பிறகு, பெட்டிக்குப் பலகை தம்மிடமே இருக்கிறது, மின்மாற்றியைத் தாமே சுற்றிவிடலாம், குமிழ் காந்திபுரத்தில் கிடைக்கும், சில்லு மட்டும் கூரியரில் வரவழைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். இரண்டும் ஐந்து கட்டைக்கா என்று கேட்டார். ஒருவருக்கு ஐந்து, இன்னொருவருக்கு ஐந்தரை என்று சொன்னேன். வைகாசிக்குள் தருகிறேன் என்றார்.